பள்ளி மேலாண்மைக் குழுவில் ரேங்க் கார்டைப் பற்றிப் பேச வேண்டும், எப்படி ஆரம்பிப்பது?

வாசல்கோலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். இதுவரை நடந்த கூட்டங்களில் கழிப்பறைத் தாழ்ப்பாள், சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகள் என்று பேசியிருக்கிறோம். எல்லாம் வேண்டியதுதான். இந்த முறை வேறு ஒன்றைப் பேச வேண்டும் என்று இருக்கிறேன்.

காலாண்டு ரேங்க் கார்டு கொடுத்தார்கள். அது என் கைக்கு வரவே இல்லை. பழைய பேப்பருக்குப் போட அவளுடைய ரஃப் நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. ஒன்றிரண்டு இல்லை, 17 தடவை. முதல் நாலைந்து கோணல் மாணலாக இருந்தன. போகப் போக அப்படியே என்னுடையது. கடைசி எழுத்தின் வாலை நான் எப்படி இழுப்பேனோ அப்படியே இழுத்திருந்தாள்.

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்து பழகியிருப்பாள்!

இரவு பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கேட்டேன். கணக்கில் 47 மார்க். அதற்குப் பயந்து இல்லையாம். வகுப்பில் மார்க் வரிசைப்படி பெயர் கூப்பிட்டுத்தான் கார்டு கொடுக்கிறார்கள். 38 பேரில் இவளை 31ஆவதாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். “எனக்கு அப்புறம் ஏழு பேர்தான்மா உக்காந்திருந்தாங்க. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நீயும் எத்தனாவதுன்னு கேப்பே” என்றாள். நான் கேட்டிருப்பேன் என்பதும் உண்மைதான்.

இதை மேலாண்மைக் குழுவில் பேசலாமா? “பாடம் நடத்துவது எங்கள் வேலை, நீங்கள் கட்டடத்தைப் பாருங்கள்” என்று ஆசிரியர்கள் சொல்லிவிடுவார்களோ என்று தயக்கம். அவர்கள் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சாக்பீஸ் எழுதியது:

அம்மா, நான் 26 வருடமாக ஆசிரியர். நானும் ஒரு காலத்தில் மார்க் வரிசைப்படிதான் கார்டு கொடுத்தேன். என் வாத்தியார் எனக்கு அப்படித்தான் கொடுத்தார், வேறு முறை இருக்கிறது என்றே தோன்றவில்லை. முதலில் வாங்குகிறவனுக்குக் கைதட்டல். கடைசியில் வாங்குகிற பிள்ளை கார்டை வாங்கியதும் மடித்துவிடும். அந்த மடிப்பை நான் வருடக்கணக்காகப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். ஆனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசியில் எழுதுகிற தொகுத்தறித் தேர்வுக்கு 60. வளரறி என்றால் பிள்ளை செய்கிற செயல்பாடு, சிறு தேர்வு, வகுப்பில் பேசுவது, குழுவாகச் செய்வது இதையெல்லாம் பருவம் முழுக்கப் பார்த்துக் குறித்துக்கொண்டே வர வேண்டும். உண்மையில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் பல இடங்களில் என்ன ஆனது? பருவம் முடிகிற வாரத்தில் உட்கார்ந்து மொத்தமாகப் போடுவது. 38 பிள்ளை, ஐந்து பாடம், பதிவேட்டில் ஒரு தடவை, எமிஸ் என்கிற துறையின் இணையதளத்தில் ஒரு தடவை. பிள்ளையின் முகம் எங்கே நினைவில் இருக்கும்?

இன்னொன்று. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோம். யாரையும் மக்கு என்று சொல்லக் கூடாது, எந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு அழகான பெயர்கள். ஒரு மாதம் போகவில்லை, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்துப் பையனிடம் “நீ இன்னும் அரும்புதானே” என்றான். அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்று அன்றைக்குப் புரிந்தது. எப்படிச் சொல்கிறோம், யார் முன்னால் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

---

இரவுஷிப்ட் எழுதியது:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. மனம் நோகக் கூடாது, மனம் நோகக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் என் மகன் விஷயத்தில் ஏமாந்தேன்.

எட்டாம் வகுப்பு வரை அவன் கார்டில் பி2, சி1 என்று கிரேடுதான் இருந்தது. பரவாயில்லை, நடுத்தரமாகப் படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நான் இரவு வேலைக்குப் போகிறவன், பகலில் தூங்குவேன், நோட்டைப் பார்க்க நேரமில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் கரண்ட் பில் குறுஞ்செய்தியை வாசிக்கச் சொன்னேன். தமிழில்தான் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தான். எனக்குக் கை கால் ஓடவில்லை. எட்டு வருடமாக எந்தக் கார்டும் இதை என்னிடம் சொல்லவில்லையே.

எட்டு வரை ஃபெயில் கிடையாது என்பதை நான் குறை சொல்லவில்லை. ஃபெயில் போட்டிருந்தால் அவன் நின்றே போயிருப்பான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டாமா? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு யார் மனதையும் பார்த்துக்கொண்டு இருக்காது. மார்க்கை எடுத்துவிட்டால், ரேங்க்கை எடுத்துவிட்டால், எங்களைப் போன்றவர்களுக்குப் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று எப்படித் தெரியும்?

---

சாக்பீஸ் எழுதியது:

இரவுஷிப்ட் சார், உங்கள் கோபம் நியாயமானது. அந்த சி1 எப்படி வந்திருக்கும் என்று சொல்கிறேன். வளரறியில் 40க்கு 38 போடுவோம். செயல்திட்டம் கொண்டுவந்தான், சார்ட் ஒட்டினான், குறைத்துப் போட மனம் வராது. தேர்வில் 60க்கு அவன் வாங்கியது 22. இரண்டையும் கூட்டினால் 60. அது சி1. கார்டில் உங்கள் கண்ணில் படுவது 60, சி1. அந்த 22 உள்ளே ஒளிந்துகொண்டது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் உங்களுக்கு உண்மை வந்து சேரவில்லை.

அதிலும் அந்த 22 என்பது வாசிக்கத் தெரியாததாலா, கணக்குப் புரியாததாலா, எழுத்து வேகம் இல்லாததாலா என்று கார்டைப் பார்த்து நீங்கள் மட்டுமல்ல, அடுத்த வருடம் அவனை வாங்குகிற ஆசிரியரும் கண்டுபிடிக்க முடியாது. ரேங்க் போட்டிருந்தாலும் 29ஆவது என்று தெரிந்திருக்கும். வாசிக்க வரவில்லை என்பது தெரிந்திருக்காது.

---

இரவுஷிப்ட் எழுதியது:

அந்தக் கடைசி வரியை யோசித்துப் பார்க்கிறேன் டீச்சர். 29ஆவது என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றால், அடித்திருப்பேன். டியூஷனில் போட்டிருப்பேன். அங்கேயும் அந்தந்த வகுப்புப் பாடத்தைத்தான் நடத்தியிருப்பார்கள்.

---

மனுஎழுதுபவர் எழுதியது:

வாசல்கோலம் அம்மா கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். பேசலாமா என்று தயங்க வேண்டியதே இல்லை. நான் ஊரில் பலருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவன், சட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21தான் மேலாண்மைக் குழுவைக் கொண்டுவந்தது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். குழுவின் முதல் கடமை பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, அடுத்தது பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது. கட்டடம் மட்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

அதே சட்டம் பிரிவு 29 மதிப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. தொடர்ந்து, முழுமையாக மதிப்பிட வேண்டும் என்கிற இடத்துக்கு ஒரு வரி முன்னால், குழந்தை பயமும் பதற்றமும் இல்லாமல் தன் கருத்தைச் சொல்லும்படி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த வரிகள். மனநலம் தனி, மதிப்பெண் தனி என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரிவு 24 ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் இடம். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் இவற்றைச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. கார்டில் கையெழுத்து வாங்கச் சொல்லவில்லை, சந்தித்துச் சொல்லச் சொல்கிறது. இரவுஷிப்ட் சாருக்கு நடக்காமல் போனது இதுதான்.

ரேங்க் விஷயத்தில் அரசே வழி காட்டியிருக்கிறது. 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பொதுத்தேர்வுக்கே ரேங்க் வேண்டாம் என்று முடிவான பிறகு ஏழாம் வகுப்புக் காலாண்டுக்கு எதற்கு என்று பணிவாகக் கேளுங்கள். ஆனால் சட்டப் பிரிவில் ஆரம்பிக்காதீர்கள். ரஃப் நோட்டில் ஆரம்பியுங்கள்.

---

முதலாமாண்டு எழுதியது:

நான் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கார்டு கொடுக்கிற நாளைவிட அதற்கு அடுத்த மூன்று நாள்தான் கொடுமை. அப்பா நல்ல மூடில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். பையை ஆணியில் மாட்டினால் கார்டு உள்ளே இருப்பது எனக்கு மட்டும் தெரியும். டிவியில் அவர் சிரித்தால் எடுக்கப் போவேன், யாராவது போன் செய்தால் திரும்ப வந்துவிடுவேன். அந்த மூன்று நாளில் எந்தப் பாடமும் படித்ததில்லை.

என் எல்லாக் கார்டிலும் “இன்னும் முயற்சி செய்யவும்” என்று எழுதியிருக்கும். என் தோழி கார்டிலும் அதேதான், அவள் முதல் ரேங்க். ஒரே ஒரு தடவை எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் வேறு மாதிரி எழுதினார். “கேள்வியை முழுக்கப் படிப்பதில்லை. இரண்டு பாகம் இருந்தால் முதல் பாகத்துக்கு மட்டும் எழுதுகிறாள். விடை தெரிந்தும் மார்க் போகிறது.” இன்றைக்கு வரை பரீட்சையில் கேள்வியில் “மற்றும்” என்று வந்தால் அதன் கீழே பென்சிலால் கோடு போடுவேன். அந்த டீச்சரின் கையெழுத்து ஞாபகத்துக்கு வரும்.

அந்தக் கார்டை அப்பாவிடம் நானே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். மார்க் 52தான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது, அதனால் பயமில்லை.

---

ஆலமரநிழல் எழுதியது:

முதலாமாண்டு தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

என் அம்மா கைநாட்டு. என் கார்டில் கையெழுத்து இடத்தில் எல்லாப் பருவத்திலும் கட்டைவிரல் ரேகைதான். மை வீட்டில் இருக்காது, அதனால் அம்மாவையே பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸ் ரூமில் வைக்க வேண்டும். அந்த நாள் கூலி போய்விடும். வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டே “புள்ள எப்படிங்க படிக்கிறான்” என்று கேட்பார். “அதான் கார்டுல போட்டிருக்கே” என்று பதில் வரும். எதிரே இருப்பவருக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தே வந்த பதில் அது. நானே அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். எனக்கு வேண்டியபடி வாசிப்பேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கும் பாட்டி வளர்க்கிற பிள்ளைகள், வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர். எவ்வளவு நல்ல கார்டு அச்சடித்தாலும் அவர்களுக்கு அது வெறும் அட்டை. யாராவது எதிரே உட்கார்ந்து வாயால் சொன்னால்தான் உண்டு. அம்மா, கூட்டத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

வாசல்கோலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்துப் படித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்க்கை எடுக்கச் சொல்லப் போவதில்லை, இரவுஷிப்ட் அண்ணன் சொன்னது சரி. வரிசைப்படி கூப்பிடக் கூடாது, ரேங்க் எழுதக் கூடாது, 40ஐயும் 60ஐயும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், ஒரு வரியாவது அந்தப் பிள்ளைக்கென்றே எழுத வேண்டும், பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான்.

சாக்பீஸ் டீச்சர், இது நடக்கிற காரியமா? நீங்களே 38 பிள்ளை ஐந்து பாடம் என்று சொன்னீர்களே.

---

சாக்பீஸ் எழுதியது:

எல்லாப் பாடத்துக்கும் எழுதச் சொன்னால் பழையபடி “முயற்சி செய்யவும்” முத்திரைதான் வரும். ஒரு பிள்ளைக்கு ஒரே வரி, வருடத்துக்கு இரண்டு தடவை என்று கேளுங்கள். வகுப்புக்கு வருகிற ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பத்துக்குள் வரும். அதை எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

நேரில் பேசுவதற்குக் கணக்குப் பாருங்கள். பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் 38 பேருக்கு 190 நிமிடம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு நாள் சாயங்காலம் போதும். கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பகலில் கூப்பிட்டால் வர மாட்டார்கள், வந்தாலும் நிம்மதி இருக்காது. ஒன்று முக்கியம்: பிள்ளையையும் கூட உட்கார வையுங்கள். தன்னைப் பற்றி இரண்டு பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அது பயத்தைத்தான் கூட்டும்.

---

மனுஎழுதுபவர் எழுதியது:

மனம் சம்பந்தமாக வேறு என்ன செய்யலாம் என்றும் பேசுங்கள். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி இருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருக்கிறது. அங்கே எந்தப் பிள்ளை நின்று சீட்டுப் போடும்? நாலு பேர் பார்க்காத இடமாக மாற்றச் சொல்லுங்கள், செலவில்லாத வேலை. கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 மூன்றையும் கார்டின் பின்பக்கமே அச்சடிக்கலாம். ரேங்க் கார்டு வருகிற நாளில்தான் அந்த எண் தேவைப்படும்.

தீர்மானம் என்றால் கூட்டப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பேசிவிட்டுக் கலைந்தால் அடுத்த கூட்டத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

---

வாசல்கோலம் எழுதியது:

கூட்டம் முடிந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மனுஎழுதுபவர் ஐயா சொன்ன மாதிரி ரஃப் நோட்டைக் கொண்டுபோனேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். முதலில் யோசித்தாள், அப்புறம் “என் பேர் சொல்லாதே” என்றாள். பெயர் சொல்லாமல் அந்தப் பக்கத்தை மட்டும் சுற்றுக்கு விட்டேன். தலைமையாசிரியை நெடுநேரம் பார்த்தார். என் மகள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்கவில்லை.

எல்லாமே கூடிவந்தது என்று சொல்ல மாட்டேன். ரேங்க் கட்டாயம் வேண்டும் என்று மூன்று பெற்றோர் எழுந்து பேசினார்கள். தனியார் பள்ளியில் போடுகிறார்களே, நம் பிள்ளைகள் மட்டும் தெரியாமல் இருக்க வேண்டுமா என்று கேட்டார் ஓர் அக்கா. அவர் கேட்டதிலும் அக்கறைதான் இருந்தது. நான் இரவுஷிப்ட் அண்ணன் கதையைச் சொன்னேன், பி2, சி1, கரண்ட் பில் எல்லாம். அந்த அக்கா அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் சம்மதித்துவிட்டார் என்று எழுத முடியாது. ரேங்க் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வைத்திருக்கிறோம்.

வரிசைப்படி கூப்பிடுவதை அன்றே நிறுத்திவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, 40ம் 60ம் தனித்தனி, இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார்கள். பெட்டி நூலக அறைக்குப் போகிறது. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். நேரில் சந்திப்பதை எங்கள் வகுப்பில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம் என்று வகுப்பு ஆசிரியையே முன்வந்தார். இவர்தான் வரிசைப்படி கூப்பிட்டவர். அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

---

வாசல்கோலம் எழுதியது:

அரையாண்டு முடிந்து நேற்று எங்கள் முறை. சாயங்காலம் ஐந்தரை மணி. மூன்று பேரும் மாணவர் பெஞ்சில்தான் உட்கார்ந்தோம், மிஸ் நாற்காலியைப் போட்டுக்கொள்ளவில்லை.

மிஸ் பேசுவதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் பிள்ளைகளையே எழுதச் சொல்லியிருந்தார், எனக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று. அது அவருடைய சொந்த யோசனை. என் மகள் வருகிறது என்ற இடத்தில் “வரைபடம், செய்யுள்” என்று எழுதியிருந்தாள். வரவில்லை என்ற இடத்தில் “பின்னக் கணக்கு. போர்டை அழிப்பதற்குள் எழுதி முடிக்க முடியவில்லை.”

மிஸ் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, இந்தப் பிள்ளை இப்படியா எழுதுவாள் என்று. அப்புறம் மிஸ் கேட்டார், “நீ எந்த பெஞ்சு?”

“நாலாவது மிஸ்.”

“அங்கேருந்து போர்டு தெரியுதா?”

மகள் என்னைப் பார்த்தாள். மிஸ் எழுந்து போய் போர்டில் 3/8 என்று எழுதினார். நாலாவது பெஞ்சிலிருந்து அவள் அதை 3/6 என்று வாசித்தாள்.

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

---

இரவுஷிப்ட் எழுதியது:

தங்கச்சி, போய்விட்டு வந்து டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதும்மா. நான் என் மகன் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவி யார் என்று விசாரித்துவிட்டேன், பக்கத்துத் தெருதான். தீர்மானத்தை என்ன வாசகத்தில் எழுதினீர்கள் என்று அப்படியே இங்கே போட முடியுமா? அவனும் இப்போது தினமும் ஒரு பக்கம் எனக்கு வாசித்துக் காட்டுகிறான், நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால்.